மட்டக்களப்பு வருசத்துக்கு 56 மில்லிமீற்றர் நகருது: இதை இமயமலைத் தகைப்பு எண்டு எழுதலாமா?

#1 வாவிக்கரை

வணக்கம். புவித்தகடுகள் மோதுற இடத்தில தகைப்பையும் (பாறையில ஒரு பரப்பளவுக்கு ஏறுற விசை) விகாரத்தையும் (நீளம் எத்தனை பங்கு மாறுது எண்டது) எப்படி அளக்கிறாங்க எண்டு உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு கைந்நூல் தயாராகுது. நம்ம ஊர் எண்ணில தொடங்கினா மனசில நிக்கும் எண்டு கீழே உள்ள கணக்குப் போட்டிருக்கு. பிழை இருந்தா அச்சுக்குப் போக முதல் சொல்லுங்க.

ஐடிஆர்எஃப்2014 இல (பூமி முழுக்கப் பொதுவான ஆள்கூற்றுச் சட்டகம்) இந்தியத் தகட்டின் சுழற்சிக் காவி: எக்ஸ் 1.154, வை −0.005, இசட் 1.454, எல்லாம் வருசத்துக்கு மில்லி ஆர்க்செக்கனில். இதை மட்டக்களப்பின் நிலைக் காவியோட குறுக்குப் பெருக்கம் செய்தா கிழக்கே 43.9, வடக்கே 35.3 மி.மீ. மொத்தம் வருசத்துக்கு 56 மி.மீ, வடகிழக்கு நோக்கி. பெங்களூருக்கு அதே கணக்கில கிழக்கே 42.1, வடக்கே 34.9.

கிழக்குக் கூறில 1.8 மி.மீ வித்தியாசம். இடைத்தூரம் ஏறக்குறைய 740 கி.மீ. வகுத்தா வருசத்துக்கு 2.4×10⁻⁹ விகாரம். அதை யங்கின் மட்டால (பாறையின் விறைப்பைச் சொல்ற எண்) பெருக்கினா இமயமலை மோதலால நம்ம பாறையில ஏறுற தகைப்பு. சரிதானே?

#2 குடும்பிமலை

தம்பி, வேகம் ரெண்டும் சரி. கடைசிப் பந்தி முழுதும் பிழை. அது கைந்நூலில போகக் கூடாது.

மட்டக்களப்பில "கிழக்கு" எண்ட திசையும் பெங்களூரில "கிழக்கு" எண்ட திசையும் ஒண்டில்ல. கோளத்தில ரெண்டும் ஒன்றுக்கொன்று திரும்பி நிக்குது. அதனால இந்த ரெண்டு எண்ணையும் நேரே கழிக்க ஏலாது. எக்ஸ், வை, இசட் ஆள்கூற்றில போட்டுப் பாருங்க. பெங்களூர் நிலையில இருந்து மட்டக்களப்பு நிலையைக் கழிச்சா 425, −186, 580 கி.மீ. வேகத்தைக் கழிச்சா 1.3, −0.25, −1.02 மி.மீ. குற்றுப் பெருக்கம் 552 + 47 − 592, அதாவது 7. அதை 740 ஆல வகுத்தா அடிக்கோடு நீளுறது வருசத்துக்கு 0.01 மி.மீ. அதுவும் தசமத்தை வெட்டினதில வந்த மிச்சம். உண்மையான விடை பூச்சியம்.

பூச்சியமாத்தான் வரும். சுழற்சிக் காவி எண்டாலே தகடு வளையாது, நசியாது எண்டு எடுத்துக்கொண்டு போட்ட மாதிரி. அந்த மாதிரி தந்த வேகத்துக்குள்ள விகாரத்தைத் தேடினா மாதிரியில வைக்காத ஒண்டையே தேடுறோம். விகாரம் வேணும் எண்டா நிலையத்தில அளந்த வேகத்தை எடுத்து, மாதிரி வேகத்தைக் கழிச்சு, மிச்சம் இடத்துக்கு இடம் எப்படி மாறுது எண்டு பார்க்கணும்.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லுங்க: வட்டையில இருந்து நெல் மூட்டை ஏத்தின லொறி 60 கி.மீ வேகத்தில ஓடக்குள்ள மூட்டை எதுவும் நசியாது. எல்லா மூட்டையும் ஒரே வேகத்தில போகுது. லொறியின்ர முன்பக்கம் ஒரு மதிலில மோதி நிண்டா, முன் மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் வேகம் வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தை இடைவெளியால வகுத்தாத்தான் விகார வீதம். நம்ம 56 மி.மீ லொறியின்ர வேகம்.

#3 ஒலுவில் கரை

குடும்பிமலை அண்ணன் சொன்ன மதில் எங்க இருக்கு எண்டு பார்க்க ரெண்டு நிலையம் போதும். பெங்களூர் வடக்கே 35 மி.மீ. திபெத்தில லாசா வடக்கே 15, 16 மி.மீ அளவில. ரெண்டுக்கும் நடுவில வருசத்துக்கு ஏறக்குறைய 20 மி.மீ காணாமப் போகுது. அதில பெரும்பங்கு போற இடம் நேபாள இமயமலை. அங்க பிரதான உந்துபிளவு, மேற்பரப்பில வெளியே வாற இடத்தில இருந்து வடக்கே ஏறக்குறைய 100 கி.மீ அகலத்துக்கு இறுகிப் பூட்டிக் கிடக்கு. வடக்கே ஆழத்தில வழுக்குது, தெற்கே வழுக்கல.

20 மி.மீ ஐ 100 கி.மீ ஆல வகுத்தா 2×10⁻⁷. பாறைக்கு யங்கின் மட்டு 75 கிகாபஸ்கால் எண்டு வைச்சா தகைப்பு ஏறுற வீதம் வருசத்துக்கு 15 கிலோபஸ்கால். கார் ரயருக்கு அடிக்கிற காற்று 200 கிலோபஸ்கால் அளவு. அந்த அமுக்கம் சேர 13 வருசம் வேணும். கத்மண்டுவைப் பெரிசா உலுப்பின 1833 பூமியதிர்ச்சிக்கும் 2015 ஏப்ரல் 25 கோர்க்கா அதிர்ச்சிக்கும் இடையில 182 வருசம். 182 × 15 எண்டா 2.7 மெகாபஸ்கால். பூமியதிர்ச்சியில விடுபடுற தகைப்பு வழமையா 1 முதல் 10 மெகாபஸ்கால். கணக்கு ஓரளவு ஒட்டி வருது.

ஆனா 100 ஆல வகுக்கிறது பிள்ளைகளுக்கான சராசரி. உண்மையில விகாரம் சீராப் பரவல. பூட்டின பகுதியின் கீழ் முனைக்கு மேலே, உயர்மலை தொடங்குற பட்டையில குவிஞ்சு கிடக்கு. நிலையங்களை 50 கி.மீ க்கு ஒண்டா வைச்சா அந்தக் குவிவு மழுங்கிப் போகும். மலைக்குக் குறுக்கே 10, 15 கி.மீ க்கு ஒண்டு வேணும்.

இந்த 15 கிலோபஸ்கால் தகைப்பு இல்ல, தகைப்பு ஏறுற வீதம். பாறையில ஏற்கனவே எவ்வளவு இருக்கு எண்டு ஜிபிஎஸ் ஒருநாளும் சொல்லாது. ரெண்டையும் ஒரே வரியில எழுதினா கைந்நூல் முழுக்கக் குழம்பும்.

#4 வாவிக்கரை

நன்றி அண்ணன், நன்றி நானா. கடைசிப் பந்தியை வெட்டியாச்சு. அப்ப ஏற்கனவே இருக்கிற தகைப்பை எதால அளக்கிறது?

#5 சம்மாந்துறைத் துளை

பாறைக்குள்ள இறங்கித்தான் அளக்கணும். ஆழமான துளைக்கு நடைமுறையில கை கொடுக்கிறது நீரால பாறையை வெடிக்க வைக்கிற முறை.

76 மி.மீ துளை. எடுத்த கல் உருளையையும் துளைச் சுவர்ப் படத்தையும் வைச்சு, இயற்கை வெடிப்பே இல்லாத 1 மீற்றர் நீளத்தைத் தெரிவு செய்யணும். அதுக்கு மேலே ஒரு ரப்பர் பக்கர் (ஊதித் துளையை அடைக்கிற அடைப்பான்), கீழே ஒண்டு. ரெண்டையும் ஊதிச் சுவரோட இறுக்கினா நடுவில ஒரு அடைச்ச அறை. முதல்ல சும்மா அமுக்கத்தை ஏத்தி அடைச்சுப் பார்க்கணும். கடகடவெண்டு இறங்கினா அங்க வெடிப்பு இருக்கு, இடத்தை மாத்துங்க. நிண்டா, நிமிசத்துக்கு 2 முதல் 5 லீற்றர் தண்ணி தள்ளணும். அமுக்கம் நேரே ஏறி, ஒரு இடத்தில முறிஞ்சு விழும். அதுதான் வெடிப்பு அமுக்கம். பம்பை நிப்பாட்டி வால்வைப் பூட்டின உடனே அமுக்கம் விழுந்து ஒரு படியில தங்கும். அந்தப் படி, வெடிப்பை மூடப் பார்க்கிற தகைப்பு. குத்துவெடிப்பு எண்டா மிகச் சிறிய கிடைத் தகைப்பு. பிறகு தண்ணியைத் திரும்ப விட்டு, வந்த அளவை எழுதி, இதையே குறைஞ்சது மூண்டு நாலு தரம் செய்யணும். ரெண்டாம் தரத்தில வெடிப்புத் திரும்பத் திறக்கிற அமுக்கம் கிடைக்கும்.

எண்ணோட பாருங்க. இது விளங்கப்படுத்தப் போட்ட எண். ஆழம் 200 மீற்றர், அடர்த்தி கன மீற்றருக்கு 2700 கிலோ. மேலே உள்ள பாறையின் பாரம் 5.3 மெகாபஸ்கால். பூட்டின அமுக்கம் 7.0, திரும்பத் திறந்தது 9.5, துளைநீர் 1.9. பெரிய கிடைத் தகைப்பு = 3 × 7.0 − 9.5 − 1.9 = 9.6. பெரிசு 9.6, சின்னது 7.0, குத்து 5.3. குத்துத் தகைப்பு மூண்டிலயும் சின்னது, மோதல் வலயத்தில எதிர்பார்க்கிற ஒழுங்கு.

மோதல் வலயத்தில சறுக்கிற இடமும் இதுதான். குத்துத் தகைப்பு மிகச் சின்னதா இருந்தா, பக்கர் அறையில குத்தாப் பிறந்த வெடிப்பு துளையை விட்டுக் கொஞ்சம் வெளியே போனதும் கிடையாத் திரும்பிப் படுத்திடும். அப்ப பூட்டின அமுக்கம் முதல் தரம் 7.0, அடுத்தது 6.2, பிறகு 5.6, கடைசியில 5.3 எண்டு இறங்கி மேல்பாறையின் பாரத்தில வந்து நிக்கும். கடைசி எண் "அமைதியா" இருக்கு எண்டு அதைக் கிடைத் தகைப்பா எழுதினா முழு அளவீடும் பிழை. எல்லாத் தரத்தின்ர வளைகோட்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சுப் பார்க்காம எந்த எண்ணையும் எடுக்காதீங்க.

இன்னொண்டு. நீளமான ரப்பர் குழாயில மேலே இருந்து பம்ப் பண்ணினா குழாயே விரியுது. திரும்பத் திறக்கிற அமுக்கம் உள்ளதை விடக் கூடக் காட்டும், பெரிய கிடைத் தகைப்பு குறைஞ்சு வரும். உருக்குக் குழாய், அமுக்கமானி கீழே பக்கருக்குப் பக்கத்தில, பூட்டுற வால்வும் கீழே. இது மூண்டும் இல்லாட்டி பெரிய கிடைத் தகைப்பை அறிக்கையில எழுதாம விடுறதே நேர்மை. திசைக்கு, மென்ரப்பர் சுத்தின அச்சுப் பக்கரைத் திசைகாட்டியோட இறக்கி, அரை மணித்தியாலத்துக்குக் குறையாம ஊதி வைச்சா வெடிப்பின்ர தடம் ரப்பரில பதிஞ்சு வரும்.

சுரங்கத்துக்குள்ள எண்டா வேற முறை: 38 மி.மீ துளையில விகாரமானி ஒட்டின கலத்தைப் பசை வைச்சு இறக்கி, பசை இறுகினதும் சுத்தி 150 மி.மீ துளை வெட்டி, கல் விடுபட்டு விரியுறதை அளக்கிறது. நீர் ஊறுற துளையில பசை பிடிக்காது, வெட்டக்குள்ள கல் சூடாகினாலும் எண் கெடும்.

#6 வாவிக்கரை

பூமியதிர்ச்சி நடக்கிறது 10, 15 கி.மீ ஆழத்தில. அங்க பக்கர் போகுமா?

#7 ஒலுவில் கரை

மனுசர் ஆகக் கூடத் தோண்டினதே 12 கி.மீ சொச்சம், ரஷ்யாவின் கோலாவில. ஜெர்மனியில கேரிபி துளை 9.1 கி.மீ. அதுக்குக் கீழே பூமியதிர்ச்சிதான் நமக்குத் துளை.

ஒரு அதிர்ச்சியின்ர முதல் அலை சில நிலையத்துக்குத் தள்ளி வரும், சிலதுக்கு இழுத்து வரும். அதைக் கோளத்தில குறிச்சா எந்தத் தளம் எந்தப் பக்கம் சறுக்கினது எண்டு தெரியும். ஒரே பகுதியில இருபது முப்பது அதிர்ச்சியைச் சேர்த்து, எல்லாச் சறுக்கலையும் ஒரே தகைப்பு விளக்க வேணும் எண்டு தீர்த்தா மூண்டு தகைப்பின்ர திசையும், அவற்றின்ர விகிதமும் வரும். அளவு வராது. மெகாபஸ்காலில எண் கேட்டா இந்த முறை தராது. ஒரே ஒரு அதிர்ச்சியின்ர அச்சை "தகைப்புத் திசை" எண்டு எழுதுறதும் பிழை. பழைய பிளவு சாய்வா இருந்தா 30, 40 பாகை விலகும்.

உலகத் தகைப்பு வரைபடத்தில ஒவ்வொரு அளவீட்டுக்கும் திசை எவ்வளவு நம்பலாம் எண்ட தரம் இருக்கு: ஏ எண்டா ±15 பாகை, பி ±20, சி ±25, டி ±40. பிள்ளைகளுக்கு அந்த எழுத்தை வாசிக்கப் பழக்குங்க. டி தரத்தில ரெண்டு கோடு ஒரே பக்கம் பார்த்தா அதில ஒண்டும் நிறுவ ஏலாது.

நிலநடுக்க நிலையம் ஒண்டு அம்பாறைப் புத்தங்கலையிலயே இருக்கு. மற்றது பல்லேகலை, ஹக்மன, மகாகனதராவ. அந்த நாலையும் வரைபடத்தில போடுங்க.

#8 வாவிக்கரை

நானா, ஒரு சந்தேகம். இங்க விகாரம் பூச்சியம் எண்டா 2020 ஆகஸ்டில திகனப் பக்கம் ஏன் அதிர்ந்தது?

#9 குடும்பிமலை

விகார வீதம் பூச்சியத்துக்குக் கிட்ட. தகைப்பு பூச்சியம் எண்டு ஒருத்தரும் சொல்லல. தகடு முழுக்க இமயமலை மோதலும் கடலடி மேட்டின் தள்ளலும் நெருக்கிக்கொண்டுதான் நிக்குது. நெருக்கம் மாறாம இருந்தா நீளம் மாறாது, ஜிபிஎஸ் அசையாது. பலவீனமான ஒரு பழைய வெடிப்பு எப்பவாவது கொஞ்சம் இளகும், அவ்வளவுதான்.

நம்மளுக்குத் தெற்கே கடலுக்குள்ள கதை வேற. மத்திய இந்து சமுத்திரத்தில இந்தோ-அவுஸ்திரேலியத் தகடே ஏறக்குறைய 80 லட்சம் வருசமா மடிஞ்சு உடைஞ்சு வருது. 2012 ஏப்ரல் 11 இல சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 உம், ரெண்டு மணித்தியாலத்தில 8.2 உம் வந்தது அந்தத் தகட்டுக்குள்ளதான். ரெண்டும் பக்கவாட்டுச் சறுக்கல், கடலடி பெரிசா உயரல. அதனாலதான் கரையில எச்சரிக்கை விட்டும் 2004 மாதிரி அலை வரல.

#10 உன்னிச்சை

ஜிபிஎஸ் நிலையம் 15 கி.மீ க்கு ஒண்டு எண்டார் ஒலுவில் நானா. இடையில இருக்கிறதைச் செய்மதி ரேடார் நிரப்பும் எண்டு எல்லாரும் எழுதுறாங்க. இமயமலையைப் பற்றி எழுதக்குள்ள இதில கட்டாயம் ஒரு எச்சரிக்கை வேணும்.

சென்ரினல்-1 எண்ட ஐரோப்பிய ரேடார் செய்மதியின் அலைநீளம் 5.6 செ.மீ. படத்தில ஒரு நிற வளையம் எண்டா நிலம் செய்மதியை நோக்கியோ விலகியோ 2.8 செ.மீ நகர்ந்தது. ஆனா செய்மதி வடக்கும் தெற்குமாப் பறந்து பக்கவாட்டில பார்க்குது. பார்வைக் கோணம் 39 பாகை எண்டா நிலத்தின் குத்தசைவில 0.78 பங்கு தெரியும், கிழக்கு-மேற்கு அசைவில 0.62 பங்கு. வடக்கு-தெற்கு அசைவில வெறும் 0.13. நேபாளத்தில நெருக்கம் வடக்கு-தெற்கு. வருசத்துக்கு 20 மி.மீ நெருங்கினா ரேடாருக்குத் தெரியுறது 2.6 மி.மீ. பூட்டின பகுதியை ரேடார் பிடிக்கிறது மலை எழும்புற குத்தசைவாலதான். கோர்க்காவில அது அருமையா வந்தது: கத்மண்டுப் பக்கம் ஏறக்குறைய 1 மீற்றர் எழும்பினது, அதுக்கு வடக்கே உயர்மலை தாழ்ந்தது. ஆனா அதே கத்மண்டு தெற்கே ஒரு மீற்றருக்கு மேல போனதைச் சரியாச் சொன்னது ஜிபிஎஸ்.

அடுத்தது காற்று. பள்ளத்தாக்குக்கும் மலையுச்சிக்கும் 3, 4 கி.மீ உயர வித்தியாசம். நீராவி முழுக்கக் கீழே. அதால வளையங்கள் மலையின்ர வடிவத்திலயே வரும், மலை எழும்புற மாதிரியே இருக்கும். படத்தையும் உயர வரைபடத்தையும் பக்கத்தில வைச்சுப் பாருங்க. வளையம் சமவுயரக் கோட்டோட ஓடினா அது காற்று. இஆர்ஏ5 வானிலைத் தரவால திருத்தி, பல வருசப் படங்களைச் சேர்த்தாத்தான் மில்லிமீற்றர் பேசலாம். 12 நாள் சோடிகளை மட்டும் சங்கிலியாக் கோக்காதீங்க. மண் ஈரமும் செடி வளர்ச்சியும் ஒரே பக்கம் சின்ன வழுவைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆறு மாதம், ஒரு வருசச் சோடிகளும் கலக்கணும்.

அம்பாறை வயலில செய்து காட்டலாம் எண்டு யாரும் நினைச்சா, சென்ரினலுக்கு நெல் ஒத்துவராது. விதைச்சு ஒரு மாதத்தில பயிரின்ர உருவமே மாறிடும், படம் முழுக்கப் புள்ளி. 24 செ.மீ அலைநீளம் உள்ள அலோஸ்-2, 2025 ஜூலையில ஏவின நைசார் ரெண்டு ரேடார் செய்மதியும் செடியை ஊடுருவும், மாற்றத்தைக் கூடத் தாங்கும்.

#11 வாவிக்கரை

மிக்க நன்றி அக்கா. கடைசியா ஒண்டு: ஒரு பாடசாலையோ கம்பஸோ இங்க நிரந்தர ஜிபிஎஸ் நிலையம் வைக்க விரும்பினா எங்க, எப்படி?

#12 குடும்பிமலை

கல்லடி, காத்தான்குடி, கல்முனை எங்கயும் வேண்டாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில வெறும் மணல் திடல். நீர்மட்டம் ஏறி இறங்க மணல் அசையும். மாடிக் கூரையும் வேண்டாம்: 10 மீற்றர் உயரக் கொங்கிறீற் 15 பாகை சூடேறினா 1.5 மி.மீ நீளும், ஒவ்வொரு நாளும். மேற்கே போனா விஜயன் தொகுதி நைஸ் பாறை வெளியிலயே தெரியுது. சுத்தியலால தட்டினா கணீர் எண்டு கேக்கணும். பொத்தெண்டு கேட்டா அது அடியில பிளந்த தகடு.

பாறையில துளையிட்டு துருப்பிடிக்காத உருக்குக் கம்பி, நடுவில ஒண்டு குத்தா, சுத்தி மூண்டு சாய்வா, எப்பொக்சியால ஒட்டி மேலே பற்றவைக்கணும். தலை 1, 1.5 மீற்றருக்கு மேல வேண்டாம். சுத்தித் தகரக் கூரையும் தென்னையும் இல்லாத இடம். மரம் வளர வளர நிலையம் மெல்ல "நகரும்". அந்த நகர்வு உண்மை மாதிரியே தோன்றும்.

மின்சாரம்: றிசீவர் 4 வாற்று எண்டா நாளைக்கு 96 வாற்று-மணி, 12 வோல்ற்றில 8 அம்பியர்-மணி. மாரி மழையில பத்து நாள் வெயில் இல்லாட்டியும் தாங்க 80, பற்றரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது, ஆகவே 160 அம்பியர்-மணி. பனல் 100 வாற்று. ஏப்ரலிலயும் ஒக்டோபரிலயும் இடி கடுமை. அன்ரனா கேபிள் உள்ளே வாற இடத்தில மின்னல் தடுப்பி, எர்த் 10 ஓமுக்குக் கீழே. இணைப்புகளுக்குச் சுயமா ஒட்டுற ரப்பர் நாடா சுத்துங்க, உப்புக் காற்று ஒரு வருசத்தில உள்ளே போயிடும்.

அன்ரனாவை மாத்தினா, மூடியைக் கழட்டிப் போட்டாக் கூட, திகதியும் நேரமும் எழுதி வைக்கணும். மூடி ஒண்டாலேயே உயரத்தில சில மில்லிமீற்றர் பாயும்.

#13 ஒலுவில் கரை

இதோட அயனமண்டலமும் (வானத்தில உயரத்தில மின்னேறிக் கிடக்கிற காற்றடுக்கு) கவனிக்கணும். காந்த மத்திய கோடு நமக்குக் கிட்ட. பொழுது பட்ட பிறகு ஏழு மணியில இருந்து நடுச்சாமம் வரை, அதுவும் மார்ச்-ஏப்ரல், செப்ரெம்பர்-ஒக்டோபரில, சிக்னல் சிமிட்டும், அலை எண்ணிக்கை அறுந்து போகும். பின்னேரம் வந்து நாலு மணித்தியாலம் அளந்து போற வேலை இங்க சரிவராது. 24 மணித்தியாலம் முழுசா எடுங்க. அடிவானத்தில இருந்தே பதியுங்க, கணக்குப் பார்க்கக்குள்ள 10 பாகைக்குக் கீழே வெட்டலாம்.

இரண்டரை வருசம் தொடர்ந்து அளக்க முதல் வேகம் எண்டு எதையும் வெளியிடாதீங்க. மழை நீரின்ர பாரம் நிலத்தைக் கீழே அமுக்கும், வறட்சியில எழும்பும். அரைகுறைப் பருவத்தில கோடு கீறினா அந்த ஏற்ற இறக்கம் வேகமா வேசம் போடும். நேபாளத்தில இது பெரிசு: கங்கைச் சமவெளியில பருவமழை நிரம்பக்குள்ள நிலையங்கள் சென்ரிமீற்றர் அளவில இறங்கி ஏறுது, சின்ன அதிர்ச்சிகளும் மழைக்காலத்தை விடப் பனிக்காலத்தில கூட.

#14 வாவிக்கரை

கைந்நூலில முதல் வரியை இப்படி மாத்தியாச்சு: "இந்தியத் தகட்டோடு சேர்ந்து மட்டக்களப்பு ஐடிஆர்எஃப்2014 சட்டகத்தில் வருசத்துக்கு 56 மி.மீ வடகிழக்கே நகர்கிறது. இந்த நகர்வால் ஊருக்குள் பாறை நசிவதில்லை. நசிவு 2,000 கிலோமீற்றருக்கு அப்பால் நேபாளத்தில் நடக்கிறது." இரண்டாம் அத்தியாயம் விகார வீதம், மூண்டாவது தகைப்பு. ரெண்டையும் ஒரே படத்தில போடல.

#15 உன்னிச்சை

நல்லா இருக்கு. ஒரு சின்னத் திருத்தம்: வேகத்துக்குச் சட்டகத்தின்ர பெயர் போதும். நிலையத்தின்ர ஆள்கூறு போடுற இடத்தில திகதியும் போடுங்க, "2020.0" (2020 தொடக்கம்) மாதிரி. 56 மி.மீ வீதம் பத்து வருசத்தில அரை மீற்றருக்கு மேல. திகதி இல்லாத ஆள்கூற்றை எஸ்எல்டி99 (இலங்கை நிலஅளவைச் சட்டகம்) வரைபடத்தில வைக்கிற பிள்ளை, அந்த அரை மீற்றரைத் தன்ர அளவீட்டுப் பிழை எண்டு நினைச்சுப்போடும்.